எந்த மணி நேரத்துக்கு அவசரம்? சிமென்டின் முதல் நாளும் சேர்மானத் தேர்வும்

"சீக்கிரம் செட் ஆக எதை ஊற்றலாம்?" கான்கிரீட் கலவை வடிவமைப்பவர்களிடம் அதிகம் வரும் கேள்வி இது. அதற்கு அடுத்தபடியாக வருவது, "லாரி போய்ச் சேரும்வரை செட் ஆகாமல் இருக்க எதை ஊற்றலாம்?" இரண்டுக்கும் பதில் சொல்லும் முன் திருப்பிக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த மணி நேரத்தில் அவசரம்? மூன்றாம் மணி நேரத்தில் தளத்தைத் தேய்த்து மட்டப்படுத்த வேண்டும் என்பது ஒரு தேவை. பதினாறாம் மணி நேரத்தில் சென்ட்ரிங் பலகையைக் கழற்ற வேண்டும் என்பது வேறு தேவை. இரவுக் குளிரில் உறைந்துபோவதற்குள் கொஞ்சம் வலிமை வந்துவிட வேண்டும் என்பது இன்னொன்று. டப்பாவின் மேல் ஆக்சிலரேட்டர் (வேகப்படுத்தும் சேர்மானம்) என்று எழுதியிருப்பதாலேயே இந்த மூன்றையும் அது செய்துவிடாது. முதல் தேவையைக் கச்சிதமாக நிறைவேற்றிவிட்டு இரண்டாவதில் கைவிரிக்கும் சேர்மானங்கள் உண்டு. செட் ஆகும் நேரத்தைத் தொடாமல் மறுநாள் வலிமையை மட்டும் கூட்டுபவையும் உண்டு.

ஆகவே இங்கே நான் ஒப்பிடுவது பெயர்ப்பலகைகளை அல்ல. சிமென்டின் முதல் நாளில் எந்த வினையின் மேல் எது கைவைக்கிறது என்பதை.

முதல் 24 மணி நேரம்

போர்ட்லாண்ட் சிமென்டின் முக்கியக் கனிமங்கள் நான்கு. இவற்றில் ஆரம்ப வலிமைக்குப் பொறுப்பு ஆலைட் எனப்படும் ட்ரைகால்சியம் சிலிகேட். இன்றைய சிமென்டுகளில் பாதிக்கு மேல் அதுதான். எடையில் பத்தில் ஒரு பங்குகூட இல்லாமல் ரகளை செய்வது ட்ரைகால்சியம் அலுமினேட். தண்ணீர் பட்டவுடன் பாய்ந்து வினைபுரிந்து, கலவையைக் கரண்டியில் எடுப்பதற்குள் இறுக்கிவிடும். அதைக் கட்டிவைக்கத்தான், சூளையில் சுட்டெடுத்த கிளிங்கர் கட்டிகளோடு ஜிப்சம் சேர்த்து அரைக்கிறார்கள். மூட்டையைப் பிரிக்கும்போதே உள்ளே ஒரு ரிடார்டர் (தாமதப்படுத்தும் பொருள்) இருக்கிறது என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். நாம் பின்னால் சேர்ப்பதெல்லாம் அந்த ஜிப்சக் கணக்கோடு ஒத்துப்போக வேண்டும். மற்ற இரண்டான பீலைட்டும் ஃபெரைட்டும் முதல் நாளில் பெரிதாகப் பேசுவதில்லை.

20 டிகிரியில் வைத்த கலோரிமீட்டரில் சிமென்ட் பசையை இட்டு, வெளியேறும் வெப்பத்தை வரைபடமாகப் பார்த்தால் முதல் சில நிமிடங்களில் ஒரு கூரான முகடு எழுந்து இறங்கும். தூள் நனைந்து கரைவதும் அலுமினேட்டின் முதல் துள்ளலும் அது. பிறகு இரண்டு, மூன்று மணி நேரம் கோடு ஏறக்குறையத் தரையில் படுத்திருக்கும். இந்த மந்த காலம் இருப்பதால்தான் கான்கிரீட்டைக் கலந்து, ஏற்றி, கொட்டி, அதிர்த்து முடிக்க நமக்கு அவகாசம் கிடைக்கிறது. அதன்பின் கோடு ஏறத் தொடங்கும். பத்து மணி நேரத்தை ஒட்டி உச்சம் தொடும். இது ஆலைட்டின் முகடு. அதன் இறங்குசரிவில் ஒரு சிறு தோள் தெரியும். ஜிப்சம் தந்த சல்ஃபேட் தீர்ந்துபோனதும் அலுமினேட் மறுபடி விழித்துக்கொண்டதன் அடையாளம் அது. செட் ஆவது ஏறுசரிவின் தொடக்கத்தில் நிகழ்கிறது. மறுநாள் வலிமை என்பது, தோராயமாக, அதுவரை வெளியேறிய மொத்த வெப்பத்தின் கணக்கு. இரண்டும் ஒரே வரைபடத்தின் வேறு வேறு பகுதிகள் என்பதால், ஒரு சேர்மானம் ஒன்றை நகர்த்திவிட்டு மற்றதை அப்படியே விட்டுவைப்பதில் வியப்பில்லை.

மந்த காலம் ஏன் வருகிறது என்பதில் நீண்ட வழக்கு உண்டு. 1964இல் ஸ்டைனும் ஸ்டெவல்ஸும் துகளின் மேல் ஒரு காப்புப் படலம் உருவாகிறது என்றார்கள். 2010இல் ஜுய்லான், கலுச்சி, ஃப்ளாட், ஸ்க்ரிவனர் ஆகியோர் படலமே தேவையில்லை, கரைசலில் கால்சியம் ஏற ஏற ஆலைட் கரையும் வேகம் தானாகவே சரிந்துவிடுகிறது என்று வாதிட்டார்கள். எனக்கு இரண்டாவது தரப்பே ஏற்புடையது. எப்படியானாலும் சேர்மானங்கள் கைவைக்கக்கூடிய இடங்கள் மூன்று: கனிமம் கரைவது, புதுப் பொருள் கருக்கொள்வது, அந்தக் கரு வளர்வது. அந்தப் புதுப் பொருளின் நீண்ட பெயர் கால்சியம் சிலிகேட் ஹைட்ரேட். ஆய்வகங்களில் சுருக்கமாக சி-எஸ்-எச் என்பார்கள். சிமென்டின் வலிமையில் பெரும்பகுதி இதில்தான் இருக்கிறது.

எதையும் சேர்க்காத தேர்வு

சேர்மானங்களை ஒப்பிடும் கட்டுரைகள் பெரும்பாலும் இந்தத் தேர்வைத் தாண்டிப் போய்விடுகின்றன. விற்பவர்களுக்கு அதில் லாபமில்லை.

நீரேற்றம், அதாவது சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிவது, வெப்பத்துக்கு மிகவும் கட்டுப்பட்டது. மோலுக்குச் சுமார் 40 கிலோஜூல் என்ற வழக்கமான கிளர்வு ஆற்றலை வைத்துக் கணக்கிட்டால், 20 டிகிரியிலிருந்து 30க்குப் போகும்போது வேகம் ஏறத்தாழ 1.7 மடங்காகிறது. 20இலிருந்து 5க்கு இறங்கினால் ஐந்தில் இரண்டு பங்காகக் குறைகிறது. கால்சியம் குளோரைடு 1 சதவீதம் சேர்ப்பது, கலவையின் வெப்பநிலையை 6 டிகிரி உயர்த்துவதற்குச் சமம் என்பது கான்கிரீட்காரர்களின் பழைய கைக்கணக்கு. இதோடு இன்னொரு கணக்கை ஒட்டிப் பாருங்கள். ஒரு கன மீட்டரில் 350 கிலோ சிமென்ட், 175 கிலோ தண்ணீர், மீதி ஜல்லியும் மணலும் என்று கொள்வோம். தண்ணீரை மட்டும் 30 டிகிரி கூடுதலாகச் சுடவைத்தால், நீரின் வெப்பக் கொள்ளளவு மற்றவற்றைப்போல நாலைந்து மடங்கு என்பதால், மொத்தக் கலவையும் சுமார் 8 டிகிரி ஏறும். ஒரு வெந்நீர்த் தொட்டி, கம்பிக்குத் தீங்கில்லாமல், ஒரு சதவீதக் குளோரைடைவிட அதிகம் செய்துவிடுகிறது. கொதிநீரை நேராகச் சிமென்டின் மேல் ஊற்றக் கூடாது என்பது மட்டும் நிபந்தனை. முதலில் ஜல்லியோடு சேர்த்துச் சுற்ற வேண்டும்.

நீரைக் குறைப்பதும் இப்படித்தான். நீர்-சிமென்ட் விகிதம் இறங்கினால் துகள்களுக்கு இடையே நிரப்ப வேண்டிய வெளி குறைகிறது. அதே அளவு நீரேற்றத்துக்கு முதல் நாளிலேயே அதிக வலிமை கிடைக்கிறது. நுண்ணியதாக அரைத்த சிமென்டும் கைகொடுக்கும். இந்த மூன்றையும் முயன்ற பிறகும் போதவில்லை என்றால்தான் ஆக்சிலரேட்டர் பேச்சு.

வேகப்படுத்துபவை

கால்சியம் குளோரைடோடு எதையும் ஒப்பிடுவது மற்றவற்றுக்குக் கொஞ்சம் அநியாயம். மலிவு, உடனடிப் பலன், செட் ஆவதையும் மறுநாள் வலிமையையும் சேர்த்தே தூக்கிவிடும் திறன் என்று மூன்றிலும் அதுதான் அளவுகோல். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. ஆலைட் வினையைத் தூண்டுவதில் அதற்கு நிகரான எளிய உப்பு இல்லை. அதன் குளோரைடு அயனியில்தான் வில்லங்கம்: கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியை அது துருப்பிடிக்கவைக்கும். சிமென்ட் எடையில் 2 சதவீதம் நீரற்ற கால்சியம் குளோரைடு என்றால், அதில் குளோரைடு மட்டுமே 1.28 சதவீதம். ஐரோப்பாவின் இஎன் 206 தரம் கம்பியுள்ள கான்கிரீட்டுக்கு அனுமதிப்பது 0.2 அல்லது 0.4 சதவீதம். கால்சியம் குளோரைடைச் சேர்க்கவே கூடாது என்று அதே தரம் தனியாகவும் சொல்கிறது. குளோரைடின் ஒரு பகுதியை அலுமினேட் ஃப்ரீடல் உப்பாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். ஆனால் காற்றின் கரியமில வாயு உள்ளே நுழைந்தால் அந்தப் பிடி தளர்ந்துவிடும். சுருக்கமும் கூடுகிறது, சல்ஃபேட் தாக்குதலைத் தாங்கும் திறனும் குறைகிறது. கம்பியோ பதிக்கப்பட்ட இரும்போ இல்லாத வெறும் கான்கிரீட்டுக்கு மட்டுமே இன்றும் அது நியாயமான தேர்வு. அங்கேயும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். செதில் வடிவில் வருவது நீர் சேர்ந்த உப்பு. அதில் குளோரைடு உப்பின் பங்கு முக்கால்வாசிதான். 2 சதவீதம் என்பது எதன் 2 சதவீதம் என்று கேட்காமல் எடை போடக் கூடாது.

கம்பி உள்ள இடத்தில் அடுத்துப் பார்க்க வேண்டியது கால்சியம் நைட்ரேட். நார்வேயின் ஹரால்ட் யூஸ்ட்னெஸ் 1990களில் குளிர்நிலையில் இதைப் பற்றி விரிவாக ஆராய்ந்தார். குளிரில் செட் ஆகும் நேரத்தைக் குறைப்பதில் இது கெட்டிக்காரன். மறுநாள் வலிமையில் அவ்வளவு சுறுசுறுப்பு இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் தளம் தேய்ப்பவர் இதைப் புகழ்வார், பலகை கழற்றக் காத்திருப்பவர் திட்டுவார். இருவர் சொல்வதும் உண்மை. பலன் சிமென்டுக்குச் சிமென்ட் மாறவும் செய்கிறது. இதன் சகோதரனான கால்சியம் நைட்ரைட், வேகப்படுத்துவதோடு கம்பி துருப்பிடிப்பதையும் தடுக்கும். கடலோரக் கட்டுமானத்தில் அந்த இரண்டாவது குணத்துக்காகவே அதைச் சேர்க்கிறார்கள். அப்போது வேகம் வேண்டாத விருந்தாளியாகி, அதை அடக்க ஒரு ரிடார்டரையும் கூடவே போட வேண்டிவரும்.

கால்சியம் ஃபார்மேட் வேறு ரகம். 100 மில்லி தண்ணீரில் சுமார் 16 கிராம்தான் கரையும். ஆகையால் திரவமாகத் தொட்டியில் வைத்து ஊற்றும் வேலைக்கு ஒத்துவராது. டைல்ஸ் ஒட்டும் பசை, பழுதுபார்க்கும் காரை போன்ற உலர்கலவைகளில் தூளாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஆலைட்டை நன்றாகத் தூண்டும், ஆனால் எல்லாச் சிமென்டிலும் அல்ல. அலுமினேட்டின் அளவை சல்ஃபேட்டின் அளவால் வகுத்தால் 4க்கு மேல் வரும் சிமென்டுகளில்தான் இது எடுபடும் என்பது 1980களிலேயே வெளிவந்த கண்டுபிடிப்பு. சிமென்ட் மூட்டையோடு வரும் சோதனைச் சான்றிதழில் சல்ஃபேட்டின் அளவு இருக்கும். அலுமினேட்டின் அளவையும் ஆலையிடம் கேட்டு வாங்கலாம். ஒரு வகுத்தலில் முடிகிற விஷயத்துக்கு ஒரு வாரம் சோதனைக் கட்டிகளை (கியூப்) உடைத்துப் பார்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

ட்ரைஎத்தனாலமீனை ஆக்சிலரேட்டர் பட்டியலில் எழுதுவதே எனக்கு உறுத்துகிறது. சாதாரணச் சிமென்டில் 0.02 சதவீதம் சேர்த்தால் செட் ஆவதை விரைவாக்கும், 0.25 சதவீதத்தில் லேசாகத் தாமதிக்கும்; 0.5 சதவீதத்தில் கடுமையாகத் தாமதிக்கும்; 1 சதவீதத்தில் படக்கென்று இறுக்கிவிடும். காரணம், அது அலுமினேட்டைத் தூண்டிக்கொண்டே ஆலைட்டைத் தடுக்கிறது. எந்தக் கை ஓங்குகிறது என்பது அளவைப் பொறுத்தது. தனியாக இதைக் கையாளத் துணிய வேண்டாம். லிக்னோசல்ஃபனேட் கலந்த நீர்க்குறைப்பான்களின் தாமதத்தை ஈடுகட்ட, உற்பத்தியாளர்கள் துளியளவு சேர்ப்பதோடு இதன் வேலை முடிந்தது.

இப்போது இந்த வரிசையில் என் மதிப்பில் முதலிடத்துக்கு வருவோம். 2009இல் ஜெஃப்ரி தாமஸ், ஹாம்லின் ஜென்னிங்ஸ், ஜெஃப்ரி சென் மூவரும் ஆலைட்டிலும் சிமென்டிலும் சி-எஸ்-எச்சின் நுண்துகள்களை விதையாகத் தூவினால் என்ன நடக்கிறது என்பதை வெளியிட்டார்கள். வழக்கமாகக் கரு உருவாவது சிமென்ட் துகளின் மேற்பரப்பில். விதை போட்டால், துகள்களுக்கு இடையே உள்ள நீர்வெளியிலும் கரு தயாராக நிற்கிறது. கருக்கொள்வதற்காகக் காத்திருக்க வேண்டியதில்லை, வளர்ந்தால் போதும். கலோரிமீட்டர் கோட்டில் இது அப்பட்டமாகத் தெரியும். கால்சியம் உப்புகள் கோட்டை இடதுபக்கம் நகர்த்துகின்றன. விதையோ பள்ளத்தையே தூர்த்துவிடுகிறது. கோடு படுத்திருக்கும் காலம் ஏறக்குறைய மறைந்து, முதல் மணி நேரங்களிலேயே ஏறத் தொடங்கி, உச்சமும் முன்னதாக வருகிறது. ஆறாம் மணி நேரத்திலிருந்து பன்னிரண்டாம் மணி நேரம்வரை இதன் ஆட்சிதான். பிற்கால வலிமையையும் கெடுப்பதில்லை, குளோரைடும் கிடையாது. குறை என்றால், விலை உப்புகளைவிட அதிகம். துகள்கள் கரையாமல் மிதக்கும் திரவம் என்பதால் அடியில் படியாமலும் உறையாமலும் பார்த்துக்கொள்ள வேண்டும். நல்ல விதையின் தரம் துகளின் நுண்மையில் இருப்பதால் எல்லாத் தயாரிப்பும் ஒன்றல்ல. சுண்ணாம்புக்கல் நுண்தூளும் இதே கொள்கையில் ஓரளவு வேலை செய்கிறது, விலையும் குறைவு. ஆனால் விதையின் பக்கத்தில் வைத்துப் பேசும் அளவுக்கு அல்ல.

சுரங்கச் சுவரில் பீய்ச்சும் ஷாட்கிரீட்டுக்கு மேலே சொன்ன எதுவும் போதாது. அங்கே கணக்கு மணியில் இல்லை, நிமிடத்தில். சோடியம் சிலிகேட், சோடியம் அலுமினேட் போன்ற பழைய காரவகைகள் கலவையை உடனே பிடித்து நிறுத்தும். 28 நாள் வலிமையில் அதற்கு வட்டி வசூலித்துவிடும். தெளிப்பவரின் தோலையும் கண்ணையும் எரிக்கும். அலுமினியம் சல்ஃபேட்டை அடிப்படையாகக் கொண்ட காரமற்ற வகைகள் எட்ரிங்கைட் என்னும் ஊசிப் படிகங்களைச் சட்டென்று விளைவித்து அதே வேலையைச் செய்கின்றன. புதிய வேலைக்குப் பழைய வகையைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஒரு காரணமும் தெரியவில்லை.

தாமதப்படுத்துபவை

இங்கே அளவுகள் சட்டென்று சிறுத்துவிடுகின்றன. ஆக்சிலரேட்டர் சதவீதக் கணக்கு. ரிடார்டர் சதவீதத்தின் நூறில் சில பங்குக் கணக்கு. ஆறு கன மீட்டர் கொள்ளும் ரெடிமிக்ஸ் லாரியில் 2,100 கிலோ சிமென்ட் இருக்கிறது என்று வைத்தால், 0.05 சதவீதம் என்பது ஒரே ஒரு கிலோ. அந்த ஒரு கிலோ சர்க்கரை மொத்த லாரியையும் சில மணி நேரம் தள்ளிப்போடும். அதையே நான்கைந்து மடங்காக்கினால் கலவை செட் ஆகாமலே கிடக்கும். வழியில் பழுதாகி நிற்கும் லாரியின் டிரம்முக்குள் கான்கிரீட் பாறையாகிவிடாமல் காப்பாற்றச் சர்க்கரை கொட்டுவது அதனால்தான். அவசரத்துக்கு அது சரி. திட்டமிட்ட தாமதத்துக்குச் சர்க்கரையை நான் பரிந்துரைக்கமாட்டேன்: சரியான அளவுக்கும் சர்வநாசத்துக்கும் இடையே இவ்வளவு குறுகிய இடைவெளி உள்ள பொருளை எடைபோடும் வேலையைக் கட்டுமானத் தளத்தில் யாரிடம் கொடுப்பது?

ஆனாலும் வேதியியலில் சர்க்கரைதான் சுவையான பாடம். சுக்ரோஸும் ட்ரெஹலோஸும் ஒரே மூலக்கூறு வாய்பாடு கொண்டவை; கார்பன் 12, ஹைட்ரஜன் 22, ஆக்சிஜன் 11. முதலாவது சிமென்டை முடக்கிவிடும். இரண்டாவதைச் சிமென்ட் கண்டுகொள்வதே இல்லை. 1983இல் தாமஸும் (மேலே சொன்ன ஜெஃப்ரி தாமஸ் அல்ல, வேறொருவர்) பர்ச்சலும் சர்க்கரைகளை இப்படி வகைப்படுத்திக் காட்டினார்கள். குளுக்கோஸ், மால்ட்டோஸ், லாக்டோஸ் நடுவில் வருகின்றன. எந்த அணுக்கள் இருக்கின்றன என்பதைவிட அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதே தீர்மானிக்கிறது. புதிதாக உருவாகும் படிகக் கருக்களின் மேற்பரப்பில் போய் ஒட்டிக்கொண்டு வளரவிடாமல் தடுக்கும் மூலக்கூறுதான் நல்ல ரிடார்டர். மிகச் சிறிய அளவு போதுமானதாக இருப்பதற்கும் இதுவே விளக்கம்: ஒட்ட வேண்டியது மொத்தச் சிமென்டின் மேலும் அல்ல, முளைக்கப் பார்க்கும் கருக்களின் மேல்.

திட்டமிட்ட தாமதத்துக்கு சோடியம் குளுக்கோனேட் என் முதல் தேர்வு. 0.02இலிருந்து 0.1 சதவீதம்வரை படிப்படியாக ஏற்றினால் தாமதமும் சொன்னபடி ஏறும். தரம் மாறாத தூய பொருளாகக் கிடைக்கிறது. பிசிஇ (பாலிகார்பாக்சிலேட் ஈதர்) வகை சூப்பர்பிளாஸ்டிசைசர்களோடும், அதாவது தண்ணீரை வெகுவாகக் குறைக்கும் சேர்மானங்களோடும், ஒத்துப்போகிறது. லிக்னோசல்ஃபனேட் காகிதக் கூழ்த் தொழிலின் உபபொருள். தாமதத்தோடு தண்ணீரையும் 5 முதல் 10 சதவீதம்வரை குறைத்துத் தரும் என்பது அதன் கவர்ச்சி. மரத்திலிருந்து வந்த சர்க்கரைகள் அதில் மிச்சமிருப்பதால் தாமதத்தின் ஒரு பங்கு அவற்றுடையது. தொகுதிக்குத் தொகுதி அந்த மிச்சம் மாறினால் தாமதமும் மாறும். காற்றுக் குமிழிகளையும் கூட்டிவிடும். சில மணி நேரத் தாமதம், கொஞ்சம் நீர்க்குறைப்பு, சிக்கனம் மூன்றும் வேண்டுமென்றால் லிக்னோசல்ஃபனேட்; தாமதம் துல்லியமாக வேண்டுமென்றால் குளுக்கோனேட். ஒரு நாள், இரண்டு நாள் என்று உறங்கவைக்க வேண்டுமானால் பாஸ்ஃபோனேட்டுகள். டிரம்மில் மிஞ்சிய கான்கிரீட்டையும் கழுவிய நீரையும் மறுநாள் பயன்படுத்தும் முறைகள் இவற்றை நம்பியே இயங்குகின்றன. சிட்ரிக், டார்டாரிக் அமிலங்களையும் போராக்ஸையும் ஜிப்சம் காரை, சல்ஃபோ அலுமினேட் சிமென்ட் போன்ற தனி உலகங்களுக்கு விட்டுவிடலாம்.

ரிடார்டர் வாங்குபவர்களில் பாதிப்பேர் உண்மையில் கேட்பது வேறொன்று. கலவையின் இளக்கம் குறையாமல் இருக்க வேண்டும் என்பதே அவர்கள் தேவை. செட் ஆவதைத் தள்ளிப்போட்டால் இளக்கமும் தானாக நீடிக்கும் என்று நினைக்கிறார்கள். இளக்கம் இழப்பதற்கு முதல் மணி நேரங்களில் காரணமாக இருப்பது பெரும்பாலும் அலுமினேட்டும் எட்ரிங்கைட்டும். ரிடார்டர் அடக்குவது பிரதானமாக ஆலைட்டை. சில ரிடார்டர்கள் அலுமினேட் பக்கத்தை உசுப்பிவிட்டு, ஆறு மணி நேரம் செட் ஆகாத, ஆனால் அரை மணியிலேயே பம்ப் குழாயில் நகர மறுக்கும் கான்கிரீட்டைத் தந்துவிடும். இளக்கம்தான் பிரச்சினை என்றால், மெதுவாக வேலை செய்யும் பிசிஇ வகையைக் கேட்டு வாங்குவதே சரி.

அழையாமல் வரும் தாமதம்

அதே பிசிஇக்கு இன்னொரு முகம் உண்டு. தண்ணீரைக் குறைக்கத்தான் அதைச் சேர்க்கிறோம். 30 சதவீதம்வரைகூடக் குறைக்கும். ஆனால் அதன் முதுகெலும்பில் உள்ள கார்பாக்சிலேட் கூட்டங்கள் துகள் மேற்பரப்பிலும் கரைசலின் கால்சியத்திலும் பற்றிக்கொள்வதால் நீரேற்றமும் தள்ளிப்போகிறது. கார்பாக்சிலேட் அடர்த்தியாக இருந்தால் தாமதம் அதிகம். பக்கச் சங்கிலிகள் நீளமாகவும் கார்பாக்சிலேட் குறைவாகவும் இருந்தால் தாமதம் குறைவு. கான்கிரீட் உறுப்புகளை ஆலையிலேயே வார்த்து அனுப்பும் முன்வார்ப்புத் தொழிற்சாலைகளுக்கென்று விற்கப்படும் பிசிஇ பெரும்பாலும் இரண்டாவது வகை. இதை அறியாமல், லாரியில் நெடுந்தூரம் போகும் கான்கிரீட்டுக்கென்று வடிவமைத்த பிசிஇயை ஊற்றிவிட்டு, அதன் தாமதத்தை முறிக்க ஆக்சிலரேட்டரையும் சேர்ப்பவர்கள் இரண்டுக்கும் பணம் கட்டுகிறார்கள். முதல் டப்பாவை மாற்றினாலே இரண்டாவது தேவைப்படாமல் போகலாம்.

எந்த வேலைக்கு எது

குளிரில் கம்பிக் கான்கிரீட். உறைபனிக்கு முன் 3.5 மெகாபாஸ்கல் வலிமை எட்டிவிட்டால் ஒருமுறை உறைவதைத் தாங்கும் என்பது அமெரிக்கக் கான்கிரீட் கழகத்தின் குளிர்கால வழிகாட்டி சொல்லும் அளவு. வெந்நீர், மூடாக்கு, குறைந்த நீர்-சிமென்ட் விகிதம், அவற்றின் மேல் கால்சியம் நைட்ரேட் என்ற வரிசையில் போவேன். ஆக்சிலரேட்டரை உறைவுத் தடுப்பான் என்று எண்ணிவிடக் கூடாது. வழக்கமான அளவில் அது தண்ணீரின் உறைநிலையை ஓரிரு டிகிரிதான் இறக்கும். மூடாக்கைக் கைவிட அது அனுமதிச் சீட்டாகாது.

முன்வார்ப்பில் ஒரே அச்சை ஒரே நாளில் இருமுறை பயன்படுத்த வேண்டுமென்றால் போட்டி நீராவிக்கும் விதைக்கும்தான். நீராவி மலிவாகக் கிடைக்கும் ஆலைக்கு விதையின் விலை கசக்கும். ஆனால் கான்கிரீட்டின் உள்வெப்பம் 70 டிகிரியைத் தாண்டினால், பல மாதம் கழித்துத் தாமத எட்ரிங்கைட் உருவாகி உறுப்பு விரிசல் விடும் அபாயம் இருக்கிறது. பெரிய குறுக்குவெட்டு உறுப்புகளில் அந்த வரம்பை மீறாமல் நீராவி கொடுப்பது எளிதல்ல. நீராவியை 15, 20 டிகிரி தணித்துக்கொண்டு விதையால் ஈடுகட்டுவது, இரண்டில் ஒன்றை மட்டும் நம்புவதைவிடப் பல ஆலைகளுக்குப் பொருந்தும்.

அனல்மின் நிலையச் சாம்பலும் இரும்பாலைக் கசடும் அதிகம் கலந்த சிமென்டுகளுக்குத் தனிக் கவனம் தேவை. மேலே சொன்ன உப்புகள் தூண்டுவது கிளிங்கர் பகுதியை. பாதிக் கிளிங்கரை எடுத்துவிட்ட சிமென்டில் தூண்டுவதற்கு இருப்பதும் பாதிதான். பழைய அளவை அப்படியே ஊற்றிவிட்டுப் பலன் இல்லை என்று சொல்வது சேர்மானத்தின் குற்றமல்ல.

வெப்பமான நாளில், நீண்ட தூரத்துக்கு, பெரிய அடித்தளக் கொட்டலுக்கு குளுக்கோனேட். அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே இணைப்புக் கோடு விழாமல் இருக்க, கீழடுக்குக்கு அளவைக் கூட்டியும் மேலே போகப் போகக் குறைத்தும் கொடுக்கலாம். ரிடார்டர் அடித்தளத்தின் உச்ச வெப்பத்தைப் பெரிதாகக் குறைத்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். கலோரிமீட்டரில் குளுக்கோனேட் கோட்டைப் பார்த்தால் இது புரியும்: கோடு வெகுநேரம் படுத்திருக்கும், ஆனால் எழும்போது சாதாரணப் பசையின் முகட்டுக்குச் சற்றும் குறையாத உயரத்துக்கு, சில சமயம் இன்னும் செங்குத்தாக எழும். வெப்பம் தள்ளிப்போடப்பட்டது, தள்ளுபடி செய்யப்படவில்லை.

உங்கள் சிமென்டில் சோதிக்கும்போது

அமெரிக்காவின் ஏஎஸ்டிஎம் சி494 போன்ற தரங்கள் சேர்மானத்தை சி வகை (ஆக்சிலரேட்டர்), பி வகை (ரிடார்டர்) என்று பிரித்துச் சான்று தருவது, குறிப்பிட்ட ஒப்பீட்டுச் சிமென்டில், குறிப்பிட்ட வெப்பநிலையில். உங்கள் சிமென்ட் அதுவல்ல. செட் ஆகும் நேரத்தை ஊசியிறக்கி அளக்கும் விக்காட் சோதனைக்கு 500 கிராம் சிமென்ட் எடுத்தால், 0.05 சதவீத குளுக்கோனேட் கால் கிராம். அதைத் தூளாக எடைபோட்டுத் தூவாதீர்கள். ஒரு சதவீதக் கரைசல் செய்து 25 கிராம் ஊற்றுங்கள். அதில் உள்ள தண்ணீரைக் கலவைத் தண்ணீரிலிருந்து மறக்காமல் கழியுங்கள். கொட்டப்போகும் வெப்பநிலையிலேயே சோதியுங்கள். 20 டிகிரியில் நன்றாக நடந்துகொண்ட சேர்மானக் கூட்டணி 35 டிகிரியில் முரண்டு பிடிப்பதுண்டு. சூட்டில் அலுமினேட் வேகமெடுத்து, சல்ஃபேட் முன்னதாகவே தீர்ந்து, அலுமினேட் முகடு ஆலைட் முகட்டுக்கு முன்னால் வந்துவிட்டால் ஆலைட் மூர்ச்சையாகிவிடும்: பசை விறைத்திருக்கும், வலிமை மட்டும் வராது. கலோரிமீட்டர் இருந்தால் ஒரே இரவில் இதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

சேர்க்கும் நேரமும் ஒரு மாறி. ரிடார்டரைக் கலவைத் தண்ணீரோடு சேர்த்தால் அதில் கணிசமான பங்கை அலுமினேட் முதல் நிமிடங்களிலேயே விழுங்கிவிடுகிறது. தண்ணீர் ஊற்றி இரண்டு நிமிடம் கழித்து அதே அளவைச் சேர்த்தால் தாமதம் இரண்டு, மூன்று மணி நேரம்கூட அதிகரிக்கலாம். ஆய்வகத்தில் ஒரு வரிசை, தளத்தில் வேறு வரிசை என்றால் எண்கள் பொருந்தாது.

அளவு தவறி ரிடார்டர் இரட்டிப்பாக விழுந்துவிட்டது, மறுநாள் காலையும் கான்கிரீட்டில் விரல் பதிகிறது என்றால் உடனே வெட்டி எடுக்கத் தேவையில்லை. மேற்பரப்பை மூடி ஈரம் காயாமல் வைத்து, பலகையைத் தொடாமல் விட்டால், பெரும்பாலான கலவைகள் ஓரிரு நாளில் இறுகிவிடும். 28 நாள் வலிமை வழக்கமான அளவை எட்டும், சில சமயம் மிஞ்சும். அதுவரை கலவை திரவத்தைப்போலப் பலகையைத் தள்ளிக்கொண்டே இருக்கும் என்பதால், உயரமான சுவரிலும் தூணிலும் முட்டுகளை உடனே பலப்படுத்த வேண்டும். நேரம் தப்பி ஆக்சிலரேட்டரை மேலே தெளிப்பதால் உள்ளே ஒன்றும் நடக்காது. மேல்தோல் மட்டும் இறுகி, அடியில் கலவை இன்னும் அமிழ்ந்துகொண்டிருக்க, கம்பிகளின் நேர்மேலே விரிசல் விழும்.